சர்க்கரை நோயோடு கடன் இல்லாமல் இருப்பது எப்படி?

மாதா மாதம் மருந்துச் செலவு, வீட்டுக் கவலை இரண்டுக்கும் நடுவே கடன் வாங்காமல் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் செலவு கையைக் கடிக்கும்போது மாத்திரையை மட்டும் குறைக்காதீர்கள். இன்று மிச்சமாவது சில்லறை. பின்னால் கண், சிறுநீரகம், கால் என்று வரும் வைத்தியம்தான் ஆளைக் கடனாளியாக்கும்.

சம்பளம் வந்ததும் மருந்துப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம், மருத்துவரிடம் கூச்சப்படாமல் செலவைச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் போன்ற பழைய சர்க்கரை மருந்துகள் ஜெனரிக்காகவே, அதாவது பிராண்டுப் பெயர் இல்லாத மலிவு வடிவிலேயே, கிடைக்கின்றன. பிராண்டு மாத்திரையில் இருக்கும் அதே மருந்துதான். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த 2-3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 2 முறை போதும். இன்சுலின் போடாதவர் என்றால், தினமும் விரலைக் குத்திப் பார்ப்பது அவசியமா என்றும் கேளுங்கள். அதற்கான ஸ்ட்ரிப் செலவு சத்தமில்லாமல் ஏறும்.

கவலையும் சும்மா விடாது. மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரந்தால் கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும். கடன் கொடுத்தவர் போனில் கத்திய அன்று சர்க்கரை எகிறினால் இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே கடன் இருக்கிறதா? சரி, வட்டி அதிகமானதை முதலில் அடைத்துவிடுங்கள். சர்க்கரையை அடியோடு விரட்டுவதாகச் சொல்லும் விளம்பரப் பொடிகளுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.