பாடம் நடத்துகிறவரால் இசை எழுத முடியாதா?

கேள்வி: வீட்டில் பியானோ கற்றுத் தருகிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இரவு வரை இருக்கிறார்கள். நான் எழுதத் தொடங்கிய சிம்பொனி இரண்டு வருடமாக அப்படியே கிடக்கிறது. "சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு எழுத வராது" என்கிறார் என் அண்ணன். வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: வகுப்பை நிறுத்த வேண்டாம். சிம்பொனியைத்தான் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

டென்மார்க் இசையமைப்பாளர் வாவ்ன் ஹோல்ம்போவின் வாழ்க்கையைப் பாருங்கள். 1909-இல் ஹார்சென்ஸ் ஊரில் பிறந்தவர். 1940 முதல் 1949 வரை பார்வையற்றோர் பள்ளியில் இசை கற்பித்தார். 1950 முதல் 1965 வரை கோபன்ஹேகன் இசைக்கல்லூரியில் பாடம் நடத்தினார். இதற்கு நடுவில் சில ஆண்டுகள் 'பொலிடிகன்' நாளிதழில் இசை விமர்சனமும் எழுதினார். நேரமில்லை என்று சொல்ல அவருக்கும் எல்லாக் காரணங்களும் இருந்தன.

1950களின் தொடக்கத்திலேயே எட்டாவது சிம்பொனியை முடித்துவிட்டார். ஒன்பதாவது வந்தது 1960களின் கடைசியில், கல்லூரியை விட்ட பிறகுதான். அப்படியானால் உங்கள் அண்ணன் சொல்வது சரியா? இல்லை. அந்த இடைவெளியில் அவர் பேனாவை மூடி வைக்கவில்லை. 'எபிடாஃப்', 'மொனோலித்', 'எபிலோக்' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்புகளும் நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பல ஸ்டிரிங் குவார்டெட்களும் அந்த வருடங்களில் பிறந்தவையே. ஒரு சின்ன இசைத்துணுக்கை எடுத்துக்கொண்டு, விதையிலிருந்து செடி வருவதுபோல் அதிலிருந்தே முழுப் படைப்பையும் வளர்ப்பது அவர் வழி. எழுத வேண்டிய வடிவத்தைத் தன் வாழ்க்கைக்குத் தக்கபடி அவர் மாற்றிக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். அந்தப் படைப்புகளைச் சிம்பொனிகளுக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கற்பித்ததால் அவருக்குக் கிடைத்ததும் உண்டு. பெர் நோர்கோர் 17 வயதில் அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தார். பின்னாளில் டென்மார்க்கின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரானார். 1996-இல் ஹோல்ம்போ காலமானபோது முடிக்கப்படாமல் இருந்த கடைசிக் குவார்டெட்டை எழுதி நிறைவு செய்தவரும் அவரே.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பிள்ளைகள் வராத காலை வேளைகளில் வாரத்துக்கு இரண்டையாவது எழுதுவதற்கென்று வையுங்கள். சிம்பொனிக்காக யோசித்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த நாலு சுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பியானோவுக்கு மூன்று நிமிடத்தில் ஒன்று எழுதுங்கள். அது முடிந்ததும் அதே நாலு சுரத்திலிருந்து இன்னொன்று. அப்புறம், நன்றாக வாசிக்கும் மாணவர் யாராவது இருந்தால் அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே இழுக்கிறது, எதை வெட்ட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.