திருச்சபை நாள்காட்டியில் ஈஸ்டருக்கு முன் வரும் ஒரு ஞாயிறு செப்துவாஜெசிமா. இலத்தீனில் அதற்கு ‘எழுபதாவது’ என்று பொருள். ஆனால் ஈஸ்டருக்கு 70 நாள் வரவில்லையே, ஏன்?

நீங்கள் எண்ணியதுதான் சரி. ஈஸ்டருக்கு ஒன்பது வாரம் முன்பு வரும் ஞாயிறு அது. இடைவெளி 63 நாள். இரண்டு ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினாலும் 64தான்.

அந்தப் பெயர் நாளை எண்ணி வைத்ததல்ல. முதலில் இருந்தது குவாத்ராஜெசிமா, அதாவது நாற்பதாவது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்கு இலத்தீனில் பெயரே அதுதான். தவக்காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கிப் பெரிய வியாழன் முடிய எண்ணுங்கள், சரியாக 40 வரும். தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு குவின்குவாஜெசிமா, அதாவது ஐம்பதாவது. அன்றிலிருந்து ஈஸ்டரையும் சேர்த்தால் 50. அத்தோடு கணக்கு முடிந்தது. ஆயத்தக் காலத்தை மேலும் ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று முன்னுக்கு நீட்டியபோது, வாரத்துக்கு ஏழே நாள் என்பதைக் கண்டுகொள்ளாமல் அறுபது, எழுபது என்று பெயரைப் பத்துப் பத்தாக ஏற்றிவிட்டார்கள். ‘அறுபதாவது’ எனப்படும் செக்சாஜெசிமா ஞாயிறிலிருந்து ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் அதனால்தான் 57 மட்டுமே தேறும்.

இடைக்காலத்தில் இதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்கள்: ஈஸ்டரோடு நிறுத்தாமல் அடுத்த சனிக்கிழமை வரை எண்ணினால் 70, செக்சாஜெசிமாவுக்கு ஈஸ்டர் வாரத்துப் புதன் வரை, 60. கூட்டல் பிசகவில்லை. ஆனாலும் பெயர் வைத்த பிறகு தேடிப்பிடித்த காரணம் என்றே எனக்குப் படுகிறது. 9ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர வழிபாட்டு அறிஞர் அமலாரியுஸ் இதை, யூதர்கள் பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த 70 ஆண்டுகளோடு இணைத்தார். வழிபாட்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. செப்துவாஜெசிமாவுக்கு முந்தைய சனி மாலைச் செபத்தோடு அல்லேலூயா நின்றுவிடும். ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில்தான் மீண்டும் ஒலிக்கும். குருவின் திருவுடை ஊதா. நோன்பு மட்டும் இன்னும் கடமையில்லை.

1969 திருத்தத்தில் உரோமை நாள்காட்டி செப்துவாஜெசிமா முதல் தவக்காலம் வரையிலான இந்த ஆயத்தக் காலத்தை நீக்கியது. பழைய இலத்தீன் முறைத் திருப்பலியில் இன்றும் உண்டு. ஆங்கிலிக்கரின் 1662 செபநூலிலும் மூன்று பெயர்களும் இருக்கின்றன.

தேதி பார்க்க, ஈஸ்டரிலிருந்து 63 நாள் கழியுங்கள். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, எனவே பிப்ரவரி 1. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து கழிப்பதானால் 17 நாள். மூன்று வாரம் என்று கழித்தால் ஒரு புதன்கிழமையில் போய் நிற்பீர்கள். லீப் ஆண்டில் பிப்ரவரி 29ஐ விட்டுவிட்டால் சனிக்கிழமை வரும். ஞாயிறு வரவில்லையென்றால் கழித்தலில்தான் பிழை.