கிரயம் யார் பெயரில்?

தம்பி, சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதமான நிலையில், பள்ளத்தூரில் விலைக்கு வரும் மனையை உங்கள் பணத்தில் வாங்கி, அலைச்சலை மிச்சப்படுத்த ஊரிலிருக்கும் அண்ணன் பெயரில் கிரயம் செய்துவிட்டுப் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

பத்திரத்தில் பெயருள்ளவர் ஒருவர், பணம் போட்டுப் பலனை அனுபவிப்பவர் வேறொருவர் என்றால், முன்னவரைப் பினாமிதாரர் என்றும் பின்னவரைப் பயனுரிமையாளர் என்றும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. ஒரு காலத்தில் யாருடைய பணம் என்று விசாரித்து நீதிமன்றம் உண்மையான உடைமையாளருக்கே தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டுப் பினாமி தடைச் சட்டம் அந்த வழியை அடைத்தது. 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி சொத்து பறிமுதலாகலாம், 1 முதல் 7 ஆண்டு வரை சிறையும் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அண்ணன் மனமுவந்து திருப்பி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு இருக்கிறது. உடன்பிறந்தவருக்கோ, பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டாக இருந்தால்தான் விலக்கு.

எங்கள் அப்பச்சி (அப்பா) 1994இல் காரைக்குடியில் ஒரு மனையைச் சித்தப்பா பெயரில் வாங்கினார்கள். இருவரும் காலமான பிறகு பெட்டகத்தைத் திறந்தபோது, பத்திரத்தின் பின்பக்கத்தில் சித்தப்பா கைப்பட, “தொகை அண்ணன் அனுப்பியது” என்று பென்சிலில் எழுதியிருந்தது. அவர் மனதில் கள்ளமில்லை. ஆனால் பங்காளிகளில் ஒருவர் ஒப்பவில்லை, அந்த வரியை வைத்து வழக்குப் போட வழியில்லை என்று வக்கீலும் கைவிரித்துவிட்டார். அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு இன்றுவரை பேச்சில்லை; மனை போனதைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது.

ஆகவே கிரயம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கையெழுத்துப் போட அண்ணனுக்குப் பவர் கொடுங்கள். ரங்கூனில் கடை வைத்திருந்த நம் முன்னோர் செய்ததும் இதுதான்: கடையை நடத்திய மேலாள் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு முதலாளியின் விலாசத்தில், அதாவது அவருடைய கடைப் பெயரில், வரவு செலவு பார்த்தார், சொத்து முதலாளியுடையதாகவே இருந்தது. இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) பவரைச் சான்றொப்பம் பெற்று அனுப்பி, ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டச் சொல்லுங்கள். பணம் உங்கள் என்ஆர்ஈ கணக்கிலிருந்து (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) நேரே விற்பவர் கணக்குக்குப் போகட்டும்.

இன்னொன்று. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலம் வாங்க அனுமதியில்லை. அதைத் தாண்டுவதற்காக அண்ணன் பெயரைப் பயன்படுத்தினாலும் மேற்சொன்ன சிக்கல்தான். மனை என்று தரகர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காமல், பட்டாவில் அது புஞ்சை, அதாவது விவசாய நிலம், என்று இருக்கிறதா என்பதை முதலில் அண்ணனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.