மஞ்சள் விற்ற காசு

அன்புள்ள ஐயா,

கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் ஊர். எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் மருத்துவராகப் பதிவுசெய்ய எழுதுகிற பிளாப் தேர்வில், முதல் தேர்வை இந்தியாவிலேயே எழுதித் தேறிவிட்டேன். இரண்டாம் தேர்வுக்கு ஜனவரியில் மான்செஸ்டர் போகவேண்டும். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. எத்தனை நாள் முன்னதாகப் போவது, எங்கே தங்குவது, குளிருக்கு என்ன எடுத்துப்போவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? உங்கள் மகள் இதே தேர்வுக்குப் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். விசா வேலையை ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். அப்பா கணக்கில் 10 லட்சம் ஒரு மாதம் இருக்கவேண்டும் என்றார், மாமா போட்டுவிடுவார். அப்பா மஞ்சள் விவசாயம். ஆனால் விவசாயம் என்று போட்டால் எடுபடாது, பிசினஸ் என்று போடுங்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். மற்றதற்கு உங்கள் பதில் கிடைத்தால் தைரியமாக இருக்கும்.

ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மிணி,

என் மகளைவிட இளையவர் நீங்கள், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். போன வாரம் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்து பழைய மண்டிச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே உங்கள் கடிதம் வந்தது.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து நாள் முன்னதாகப் போங்கள். ஜனவரியில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை 6 மணிக்கு எழுகிற உடம்பு அங்கே நள்ளிரவு 12.30க்கு விழித்துக்கொள்ளும், சாயங்காலம் 5 மணிக்குக் கண் சொருகும். தேர்வில் 16 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் 8 நிமிடம், ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் புது நோயாளி. தூங்காத தலையோடு அதைச் செய்ய முடியாது. மான்செஸ்டருக்கே விமானம் இருக்கிறது. கொச்சியிலோ சென்னையிலோ ஏறி வளைகுடாவில் ஒரு இடத்தில் மாறினால் போதும், லண்டனில் இறங்கி அலையவேண்டாம். தேர்வு மையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் தங்குங்கள், முந்தின நாள் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஊர், கனத்த கம்பளியைவிடத் தண்ணீர் புகாத ஜாக்கெட்தான் உதவும். சதுரக் கால் மூன்று உள்ள பிளக் வேண்டும். பருப்புப்பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா வேண்டாம், பாலில் செய்ததையும் இறைச்சியையும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். தேர்வன்று முழங்கைக்குக் கீழே வளையல், கைக்கயிறு, கடிகாரம் எதுவும் இருக்கக்கூடாது. நம் ஊர்ப் பெண்களுக்கு வளையலைக் கழற்றச் சொன்னால் வீட்டில் மனம் கோணுவார்கள், அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இது போதும். மீதி அங்கே போனால் தானாக விளங்கும்.

எனக்குத் தூக்கம் கெட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிகளால்.

1988இல் கோவையில் கல்லூரி விடுதிச் சலுகைக்கு விண்ணப்பம் எழுதினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று போட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து நானாகப் போட்டேன். எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, "வியாபாரம்னா விற்பனை வரிப் பதிவு எங்கே?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்ற அப்பா, "என்ன வியாபாரம்?" என்று என்னைத்தான் கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அப்புறம் மஞ்சப்பையிலிருந்து மூன்று வருஷத்து மண்டிச் சீட்டுகளையும் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். எழுத்தர் 'வியாபாரம்' என்பதை அடித்துவிட்டு 'விவசாயம்' என்று அவர் கையாலேயே எழுதினார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா என்னோடு பேசவில்லை.

நான் போட்ட பொய்க்குக் காகிதம் இல்லை. அப்பாவின் உண்மைக்கு ஒரு பை நிறையக் காகிதம் இருந்தது. உங்கள் வீட்டிலும் அந்தப் பை இருக்கிறது அம்மிணி, நீங்கள் திறந்து பார்க்கவில்லை.

விசா அதிகாரி எதைப் பார்ப்பார் என்று கொஞ்சம் யோசியுங்கள். மாதச் சம்பளக்காரர் கணக்கில் ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை வந்து விழும். மஞ்சள்காரருக்கு அப்படி வருமா? வைகாசியில் நட்டால் தை, மாசியில் வெட்டு. வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு, விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்து, ஒருநாள் தள்ளினால் வருஷத்துப் பணம் மொத்தமும் அன்றைக்கு வரும். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு உங்கள் அப்பாவின் நியாயமான பணமே திடீர்ப் பணம் போலத்தான் தெரியும். அதற்கு நாம் விளக்கம் எழுதவேண்டும், எழுதினால் புரியும். அந்தக் கணக்கிலேயே மாமாவின் 10 லட்சத்தையும் கொண்டுவந்து போட்டால் எது மஞ்சள், எது மாமா என்று அவர் எப்படிப் பிரிப்பார்? இரண்டையும் சந்தேகப்படுவார். பொய்ப்பணம் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல பணத்தையும் கெடுத்துவிடும்.

மறுத்தால் கட்டணம் திரும்பாது. அடுத்தமுறை விண்ணப்பிக்கும்போது மறுக்கப்பட்டதைச் சொல்லியாகவேண்டும். ஏமாற்றியதாக முடிவுசெய்தால் 10 ஆண்டு வரை தடை வரலாம். முதல் தேர்வு தேறி இரண்டு வருஷத்துக்குள் இரண்டாவதையும் முடிக்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நாளைக்கு அங்கே மருத்துவராகப் பதிவு கேட்கும்போது உங்கள் நடத்தையைப் பற்றியும் உறுதிமொழி வாங்குவார்கள். ஏஜென்டுக்கு அதில் என்ன நஷ்டம்? அவருக்கு அடுத்த ஆள் வருவார். நோயாளியின் கேஸ் ஷீட்டில் பார்க்காத ரத்த அழுத்தத்தைப் பார்த்ததாக எழுதுவீர்களா? எழுதமாட்டீர்கள். அப்படியானால் அப்பாவின் தொழிலை மட்டும் எப்படி மாற்றி எழுதத் துணிந்தீர்கள்? இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

செய்யவேண்டியது இதுதான். அப்பாதான் செலவு செய்கிறார் என்றால் அவர் ஒரு கடிதம் எழுதட்டும்: என் மகள், இத்தனை ஏக்கர், இன்ன பயிர், இந்தத் தேதியில் விற்றேன், இவ்வளவு வந்தது, அதிலிருந்து இவளுக்குத் தருகிறேன் என்று. கூடவே பட்டா, சிட்டா, அடங்கல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ கூட்டுறவு சங்கத்திலோ விற்ற சீட்டு, அந்தத் தொகை வந்து விழுந்த வங்கிக் கணக்கு. பால் ஊற்றுகிறீர்கள் என்றால் சங்கத்துப் பணம் வரவானதையும் காட்டுங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் வரிக்கணக்கு இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். தமிழில் உள்ளதையெல்லாம் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றி, அவர் பெயரும் கையெழுத்தும் தேதியும் தொடர்பு விவரமும் வாங்கிச் சேருங்கள். உங்கள் பங்குக்குச் சம்பளச் சீட்டு, மருத்துவமனை கொடுக்கிற விடுப்புக் கடிதம், தேர்வுக்கு இடம் ஒதுக்கிய பிரிட்டன் மருத்துவ கவுன்சிலின் கடிதம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கையில் வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பணம் குறைகிறது, மாமா உதவுகிறார் என்றால் அதுவும் தப்பில்லை. மாமா தருகிறார் என்றே எழுதுங்கள், அவர் கணக்கைக் காட்டட்டும்.

நம் மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது, ஈரோடு மஞ்சள் என்றே பெயர். அதை விளைவித்த மனிதரை விண்ணப்பத்தில் 'பிசினஸ்' என்று ஒளித்து வைக்கப்போகிறீர்களா?

இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் அந்தச் சீட்டுகளைக் கேளுங்கள். எந்த வருஷம் எத்தனை மூட்டை, எதற்காக அந்த விலைக்குத் தள்ளினார் என்று அவரே சொல்லுவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், கடிதத்துக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும்.