கட்டிடமே வராத ஆஸ்பத்திரிக்கு இப்போதே கொண்டாட்டம் எதற்கு?

கேள்வி கேட்டவர், தன் ஊரில் புதிய அரசு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியதை வெடி வெடித்துக் கொண்டாடுகிறார்கள், கட்டி முடிப்பதற்குள் இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா என்கிறார்.

தேவைதான், தாராளமாகக் கொண்டாடட்டும். பந்தலுக்கு வந்த கூட்டம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் கலைந்து போகிறதே, என் ஆதங்கம் அதுதான். அமைச்சரும் ஆட்சியரும் சுகாதாரத் துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில், ஊர்க்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் நாள் அது ஒன்றுதான். அடுத்த வாரம் போய்ப் பாருங்கள், வாட்ச்மேன்கூட இருக்க மாட்டார்.

அடிக்கல்லுக்கும் முதல் ஓ.பி. சீட்டுக்கும் இடையில் எவ்வளவு காலம் ஓடும் என்பதைக் கல் சொல்லாது. கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் பன்னோக்கு மருத்துவமனைக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 ஜூன் 15 அன்று 1,000 படுக்கைகளோடு திறந்துவிட்டார்கள். மதுரை தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று பிரதமரே வந்து அடிக்கல் நாட்டினார். பிரதான கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில். அதற்குள் 2021 சட்டமன்றத் தேர்தலில், 'இதுதான் எய்ம்ஸ்' என்று கிண்டலாகக் காட்ட ஒற்றைச் செங்கல் பிரசார மேடை ஏறியது. 2022-ல் சேர்ந்த முதல் 50 மருத்துவ மாணவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு நடந்தது. கிண்டிக்கு மாநில அரசின் நிதி கையில் இருந்தது. தோப்பூருக்குப் பெரும்பங்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகா தரும் கடன். அந்த ஒப்பந்தமே 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது, அதாவது கல் வைத்து இரண்டு வருடம் கழித்து. ஆகவே விழா மேடையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, நிதி ஒதுக்கி அரசாணை வந்துவிட்டதா, டெண்டர் முடிந்ததா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம்.

பணமும் கட்டிடமும்கூட ஒருவகையில் எளிது. ஆள் போடுவதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். கல்வெட்டை மூடியிருந்த பட்டுத்துணி காற்றில் விலக, மைக்காரர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வரவேற்புரையை அறிவித்தார். கல்வெட்டில் பதினெட்டுப் பட்டி பிரமுகர்களின் பெயரும் இருந்தது. எத்தனை படுக்கை என்பது இல்லை. விழா முடிந்து காரில் ஏறப்போன அதிகாரியை ஒரு பாட்டி மறித்து, "ஏன் சார், ராத்திரியில சிசேரியன் பண்ணுவாங்களா, இல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போன்னுதான் எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாம் வரும்மா" என்றார்.

அன்று அங்கே பேசிய பேச்சிலேயே உருப்படியான கேள்வி அது. ராத்திரியில் சிசேரியன் நடக்க வேண்டுமென்றால் மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது. மயக்க மருந்து மருத்துவர் வேண்டும், குழந்தை மருத்துவர் வேண்டும், ரத்தம் இருப்பில் இருக்க வேண்டும், மூன்று ஷிப்ட்டுக்கும் செவிலியர் வேண்டும். இதில் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் இல்லாவிட்டாலும் பளபளக்கும் ஆபரேஷன் தியேட்டர் பூட்டித்தான் கிடக்கும். பிரசவ வலியோடு வருகிறவரை 108-ல் ஏற்றி அனுப்ப நான்கு மாடிக் கட்டிடம் எதற்கு? இந்தப் பணியிடங்களை உருவாக்கத் தனி அரசாணை வேண்டும். கட்டிடம் எழும்பும்போதே அதையும் கேட்டு நச்சரிக்காவிட்டால், திறப்பு விழா அன்று வேறு ஊர் மருத்துவரை இரவல் வாங்கி நாற்காலியில் உட்கார வைப்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் கொண்டாடச் சொல்கிறேன் என்றால், கொண்டாடியவர்களுக்குத்தான் அந்த இடத்தின் மேல் உரிமை வரும். அடையாறு புற்றுநோய் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி வருடக்கணக்கில் அலைந்து, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அது வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. நேரு கல் நாட்டிவிட்டு டெல்லிக்குப் போய்விட்டார். அப்புறமும் விடாமல் அலைந்தவர்கள் இங்கேயே இருந்தவர்கள்தான்.

உங்கள் ஊரில் விழா முடிந்துவிட்டது என்றாலும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அழைப்பிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதியும் திட்டத்தின் பெயரும் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அரசாணை எண், ஒப்பந்தக் காலம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம ஊராட்சி என்றால் அடுத்த கிராம சபையில் மயக்க மருந்து மருத்துவர் பணியிடம் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். வெடி வெடித்த இளவட்டங்களையே கையெழுத்து வாங்க அனுப்பலாம், உற்சாகமாகச் செய்வார்கள்.