எழுதியவள் பெயர் எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் பக்கத்தில் முப்பது வருடமாக இருக்கிறோம். எங்கள் ஒரே மகனுக்கு 32 வயது. சின்ன வயதிலிருந்தே இந்த ஊர் கன்ட்ரி பாட்டு என்றால் அவனுக்கு உயிர். இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பாடகனாகிவிட்டான். ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி, லேபிள் என்பார்கள், அவன் பாட்டை வெளியிட்டது. ரேடியோவில் போட வைக்க அவர்களே ஒரு புரமோட்டரை ஏற்பாடு செய்தார்கள், செலவு எங்களுடையது. என் கணவரின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து இதுவரை 38,000 டாலர் கொடுத்துவிட்டோம். சின்ன ஊர் ஸ்டேஷன்களில் போடுகிறார்கள், பெரிய ஸ்டேஷன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் 25,000 கொடுத்தால் அங்கேயும் முயற்சி செய்யலாம் என்கிறார்கள். மருமகள் கென்டக்கிப் பெண், நர்ஸ், தங்கமானவள். அவள் சம்பளத்தில்தான் மகன் வீடு ஓடுகிறது. பாட்டைக்கூட அவள்தான் எழுதினாள், நைட் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து. மெட்டு மகனுடையது. பாடுகிறவனே எழுதியதாக இருந்தால்தான் எடுபடும் என்று லேபிளில் சொன்னதால் மகன் பெயரையே போட்டுவிட்டோம், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. 25,000 கொடுக்கலாமா? பெரிய ரேடியோவில் வர வேறு வழி உண்டா?
- ஒரு தாய், டென்னசி

பதில்:

கொடுக்காதீர்கள். பணத்தைப் பற்றிய கேள்விக்கு அவ்வளவுதான் பதில். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

‘மகன் பெயரையே போட்டுவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘போட்டுவிட்டான்’ என்று எழுதவில்லை. அந்த ‘ஓம்’ விகுதிக்குள் நீங்களும் உங்கள் கணவரும் இருக்கிறீர்கள். பாட்டை எழுதியவள் மட்டும் இல்லை. மூன்று பேர் கூடி ஒருத்தியின் பெயரை அழித்துவிட்டு, அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ரேடியோவுக்கு வழி கேட்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க முடியவில்லை, அம்மா.

நாஷ்வில் பக்கத்தில் முப்பது வருடம் இருந்திருக்கிறீர்கள், இது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் பாடியவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. சட்டம் அப்படி. காசு போவது பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும், அவர்களுடைய பதிப்பாளருக்கும்தான். பி.எம்.ஐ., ஆஸ்காப் போன்ற சங்கங்கள் ஸ்டேஷன்களிடம் வசூலித்து, எழுதியவர் என்று யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு அனுப்பும். பாடினதற்கென்று உங்கள் மகனுக்குக் காசு வருவது சாட்டிலைட் ரேடியோவிலும் இணைய ரேடியோவிலும்தான். அங்கே சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, முக்கியப் பாடகருக்கு 45 சதவீதம் தருகிறது. அதில் அவன் பதிவு செய்திருக்கிறானா என்று முதலில் கேளுங்கள்.

ஆக, 63,000 டாலர் கொட்டி நீங்கள் எந்த ரேடியோவில் பாட்டைக் கொண்டுவரப் பார்க்கிறீர்களோ, அந்த ரேடியோ சம்பளம் கொடுக்கும் ஆள்களில் ஒருத்தி உங்கள் மருமகள். அவளைத்தான் தாளிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

‘அவளும் ஒன்றும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். என்ன சொல்லுவாள்? மாமனார் தன் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார், மாமியார் தலையாட்டுகிறார், புருஷன் கண்ணில் கனவு. அந்த இடத்தில் ‘என் பெயர் எங்கே’ என்று கேட்டால் அவள்தான் கெட்டவள் ஆவாள். கென்டக்கியில் பிறந்தாலும் கும்பகோணத்தில் பிறந்தாலும் அந்த இடத்தில் மருமகள் வாய் திறப்பது கஷ்டம். வாய் திறக்கவில்லை என்பதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நம் வீடுகள் இன்னும் விடவில்லை.

என் பெரியம்மா கதை எழுதுவார். பெரியப்பா பெயரில் பத்திரிகைக்குப் போகும். பெண் பெயரில் போனால் ஊர் பேசும் என்று காரணம் சொன்னார்கள். சன்மானம் மணியார்டரில் வரும்போது போஸ்ட்மேன் பெரியப்பா வரும்வரை திண்ணையில் காத்திருப்பார். எழுதியவர் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருப்பார், அந்த போஸ்ட்மேனுக்கும் சேர்த்து. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் பெரியம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். ஏன் நிறுத்தினாய் என்று வீட்டில் யாரும் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

கன்ட்ரி ரேடியோவில் புதுப் பாடகர் வந்து உட்கார்ந்தால் இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்காமல் விட மாட்டார்கள். பாட்டுக்குப் பின்னால் உள்ள கதைதான் அங்கே பாதி வியாபாரம். உங்கள் மகன் என்ன சொல்கிறான்? ஆஸ்பத்திரி பார்க்கிங்கையும் விடியற்காலையையும் தன்னுடையதாக்கிச் சொல்கிறானா, வேறு கதை கட்டுகிறானா? காலையில் டியூட்டி முடிந்து வீட்டுக்கு ஓட்டிவரும் அந்தப் பெண் கார் ரேடியோவில் அதைக் கேட்டிருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

பாடுகிறவனே எழுதியதாக இருந்தால்தான் எடுபடும் என்பது கலப்படமில்லாத பொய். நாஷ்வில் என்ற ஊரே பிறர் பாட எழுதுகிறவர்களால் எழுந்த ஊர். ‘ராக்கி டாப்’ உங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாட்டுகளில் ஒன்று, ஃபுட்பால் மைதானத்தில் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 1967-ல் அதை எழுதியது ஒரு புருஷனும் பெண்டாட்டியும், பூட்லோ பிரையன்ட், ஃபெலிஸ் பிரையன்ட். ஃபெலிஸ் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு பெயரும் சேர்ந்தே பதிவானது, 1991-ல் கன்ட்ரி இசையின் புகழ் மாடத்திலும் இருவரையும் சேர்த்தே ஏற்றினார்கள். புருஷன் பெண்டாட்டி கதை இன்னொன்றும் உண்டு, பாடகி லொரெட்டா லின்னுடையது. 1960-ல் ஜீரோ என்ற குட்டி லேபிளில், தானே எழுதிய பாட்டைப் பதிவு செய்தார். அப்போதே நான்கு குழந்தைகள். அவரும் கணவரும் காரில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் அந்த ரெக்கார்டைக் கொடுத்தார்கள். பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் அது 14-ஆம் இடம் வரை ஏறியது. அந்தக் கணவர் உத்தமர் இல்லை, குடித்தார் என்று லொரெட்டாவே பேசியிருக்கிறார். ஆனாலும் காரை ஓட்டிக்கொண்டு போனது பெண்டாட்டியின் பாட்டுக்காக. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் மகன் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

சரி, 25,000-க்கு வருகிறேன். தன் பணத்தைப் போடுவதுதான் லேபிளின் வேலை. புரோக்கன் போ என்ற லேபிளை 1999-ல் ஆரம்பித்த பென்னி பிரவுன், கலிஃபோர்னியாவில் கார் விற்றவர். அவர்தான் பணம் போட்டார், பாடகரின் அப்பா போடவில்லை. 2005-ல் அந்தச் சுயேச்சை லேபிளிலிருந்து கிரெய்க் மோர்கன் என்ற பாடகரின் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது. உங்களிடம் பணம் கேட்கிறவர்கள் பாட்டை விற்று சம்பாதிக்கவில்லை, உங்களை வைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

பெரிய ஸ்டேஷன்கள் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. 1996-ல் சட்டம் மாறி, ஒரு கம்பெனி நாடு முழுவதும் எத்தனை ஸ்டேஷன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. நாற்பதுக்குப் பக்கமாக வைத்திருந்த ஒரு கம்பெனி சில வருடங்களில் 1,200-க்கு மேல் வைத்திருந்தது. எதைப் போடுவது என்று முடிவு செய்கிறவர்கள் சிலர்தான் என்று ஆகிவிட்டது. பில்போர்டின் ரேடியோப் பட்டியலில் மொத்தம் 60 இடம். பெரிய லேபிள்கள் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஒரே பாட்டைப் பல மாதம், சில சமயம் ஒரு வருடம்கூடத் தள்ளுகின்றன. அந்தக் கூட்டத்தில் உங்கள் 25,000 சில வாரத்தில் கரைந்துவிடும். ஸ்டேஷன்காரரை ‘கவனித்துக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். காசு வாங்கியதை அறிவிக்காமல் பாட்டுப் போடுவதை அங்கே 1960-லேயே குற்றமாக்கிவிட்டார்கள்.

வேறு வழி கேட்டீர்கள். இருக்கிறது, மெதுவான வழி. டெக்ஸஸுக்குத் தனி ரேடியோப் பட்டியலே உண்டு, சுயேச்சைப் பாடகர்களுக்கு அங்கே இடம் கிடைக்கும். ஆரன் வாட்சன் என்ற பாடகர் அந்த ஊர்க் கச்சேரிக் கூடங்களில் பாடிப் பாடியே ஆள் சேர்த்தார். 2015-ல் எந்தப் பெரிய லேபிளும் இல்லாமல் அவர் ஆல்பம் பில்போர்டு கன்ட்ரி ஆல்பப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறார். உங்கள் மகனும் உழைக்கட்டும், ஆனால் வாரத்தில் சில நாளாவது சம்பளம் வரும் வேலைக்குப் போய்க்கொண்டு. 32 வயதுப் பிள்ளையின் ஆசைக்கு அப்பாவின் முதுமையை அடகு வைப்பதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும் பெண்ணின் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் பாட்டையும் எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. அவள் பெயரில் பி.எம்.ஐ.யிலோ ஆஸ்காப்பிலோ உறுப்பினராகச் சேர வேண்டும். மகன் தன் பெயரில் செய்த பாட்டுப் பதிவைத் திருத்த வேண்டும். காப்புரிமை அலுவலகத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் திருத்தம் போடலாம். சேர்ந்து எழுதினவர்கள் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது நாஷ்வில் வழக்கம். வரிகள் அவளுடையது, மெட்டு அவனுடையது, பாதிக்குப் பாதி. லேபிள் ஒப்பந்தத்தை இசைத்துறை வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். ‘இது முழுக்க என் படைப்பு’ என்று பாடகர் உறுதி கொடுக்கும் வரி அதில் வழக்கமாக இருக்கும். உங்கள் மகன் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பின்னால் வேறொருவர் கண்டுபிடிப்பதற்குள் அவனே போய்ச் சொல்லட்டும். லேபிள் முறைத்துக்கொண்டால் முறைத்துக்கொள்ளட்டும்.

யார் எத்தனை பங்கு என்று எழுதும் தாளுக்கு அங்கே ஸ்ப்ளிட் ஷீட் என்று பெயர், ஒரு பக்கம்தான். நாளைக் காலை அவள் டியூட்டி முடிந்து வரும்போது நீங்களும் உங்கள் கணவரும் அந்த வீட்டில் இருங்கள். அவள் குளித்துச் சாப்பிடட்டும். அப்புறம் அந்தத் தாளை மேசையில் வையுங்கள். முதல் கையெழுத்தை மகன் போடட்டும்.