ஃபேர்வெல்ல என்ன பேசறது? (கடிதம்)

அன்புள்ள சார்,

விழுப்புரம் மாவட்டத்துல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளில காமர்ஸ் டீச்சரா இருக்கேன். பிப்ரவரி கடைசில பிளஸ் டூ பசங்களுக்கு ஃபேர்வெல். கிளாஸ் டீச்சர்ங்கறதால என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. "நல்லா மோட்டிவேஷனா ஒரு பத்து நிமிஷம்"னு சொல்லிட்டு ஹெச்.எம். போயிட்டார். கனவு காணுங்கள், முயற்சி திருவினையாக்கும் எல்லாம் பசங்க ஆறாவதுலேர்ந்து கேட்டாச்சு, நான் வாயத் திறந்தாலே அடுத்த வரிய அவங்களே சொல்லிடுவாங்க. எல்லாம் தேர்டு குரூப், பாதிப் பேர் வீட்டுல காலேஜ் போன ஆளே கிடையாது. நாலஞ்சு பேர் பாஸாவாங்களாங்கறதே சந்தேகம். அவங்களையும் உக்கார வெச்சுக்கிட்டு எல்லாரும் ஜெயிப்பீங்கன்னு எப்படி சார் சொல்றது? போதாததுக்கு, போன வருஷம் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள அழுது வேற தொலைச்சேன்.

ஒரு டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

ஹெச்.எம். சொன்னத மறந்துடுங்க, அவர்கிட்ட மட்டும் சொல்லிக்காதீங்க.

அன்னிக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பதினொண்ணாவது பசங்க காசு போட்டு கேசரி மிக்சர் வாங்கி வெச்சிருப்பாங்க, பொண்ணுங்க அம்மா புடவைய கட்டிக்கிட்டு பின்னு குத்துதுன்னு நெளிஞ்சுக்கிட்டு இருக்கும், பசங்களுக்கு குரூப் போட்டோல எவன் பக்கத்துல நிக்கறதுங்கறதுதான் கவலை. அந்த நேரத்துல தத்துவம் எடுபடாது. ஆனா ரிசல்ட்டுக்கு அப்புறம் நான் எங்க போறதுங்கற கேள்வி அத்தனை பேர் வயித்துலயும் இருக்கு. அதுக்கு பதில் சொல்ற ஆள் பேசினா காது கொடுப்பாங்க.

ஸ்கூலுக்கு வந்து பேசறவங்க முக்கால்வாசிப் பேர் நீட்டையும் இன்ஜினியரிங் கட் ஆஃபையும் பேசிட்டுப் போயிடறாங்க, காமர்ஸ் பசங்க யார் வீட்டுக் கல்யாணமோன்னு உக்காந்திருக்குங்க. அரசுப் பள்ளிப் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம்னு மத்ததுக்கும் வந்துடுச்சு. அஞ்சு வருஷ லா படிப்புக்கு காமர்ஸ் படிச்ச பொண்ணு தாராளமா அப்ளை பண்ணலாம்னு உங்க கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? பிளஸ் டூ முடிச்சா ஆடிட்டர் படிப்போட முதல் பரீட்சை, சி.ஏ. ஃபவுண்டேஷன், எழுதலாம்ங்கறது? இதையெல்லாம் மைக்ல சொல்லுங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணு காலேஜோ டிப்ளமாவோ ஐடிஐயோ சேர்ந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்டுக்கே வருது, பசங்களுக்கும் 2024லேர்ந்து தமிழ்ப் புதல்வன்னு அதே தொகை. "படிச்சது போதும், மாமா பையன் கேக்கறாங்க"ங்கற வீட்டுல இந்த ஆயிரம் ரூபா, நாம பேசற பேச்ச விட நல்லாவே வாதாடும்.

அப்புறம் தனியார் காலேஜுக்கு ஆள் பிடிக்கற புரோக்கர். பரீட்சை முடியறதுக்குள்ள பைக்ல வந்து நிப்பான், டீச்சர், அட்மிஷன் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீன்னு சொல்லி டிசியையும் மார்க் ஷீட்டையும் வாங்கிட்டுப் போயிடுவான், பிடிக்கலன்னு பையன் வெளில வரணும்னா அத்தனை வருஷ ஃபீசையும் கட்டுன்னு நிப்பாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லியிருக்கு. சரிபார்க்கக் காட்டுங்க, காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்கன்னு ரெண்டு தடவ அழுத்திச் சொல்லுங்க.

அந்த நாலஞ்சு பேர் விஷயம். யாரு யாருன்னு அவங்களுக்கே தெரியும், வருஷம் பூரா மெல்லக் கற்போர்னு தனியா உக்கார வெச்சு மினிமம் மெட்டீரியல் கொடுத்திருக்கோமே! அதனால எல்லாரும் ஜெயிப்பீங்கன்னு சொல்லவே வேண்டாம், அது பொய்னு அவங்களுக்குத் தெரியும், பொய் சொன்னாங்கன்னு உங்க மேலயும் நம்பிக்கை போயிடும். பொதுவா எல்லாருக்கும் சொல்றாப்ல, யார் பக்கமும் பாக்காம சொல்லுங்க, ஒரு சப்ஜெக்ட் போச்சுன்னா ஜூன் ஜூலைல துணைத்தேர்வு இருக்கு, அதுல பாஸ் பண்ணா அதே வருஷம் காலேஜ் சேரலாம், அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஃபோர் எழுதறதுக்கு பத்தாவது பாஸே போதும்னு. முக்கியமா, ரிசல்ட் அன்னிக்கு காலைல நான் ஸ்கூல்ல இருப்பேன்னு சொல்லுங்க, சொன்னா இருங்க. இப்பல்லாம் ரிசல்ட் போன்ல வந்துடுது, ஃபெயிலான பையன் கொல்லைப்பக்கமா போய் தனியா நிக்கறான், அதுக்குள்ள பக்கத்து வீட்டு சித்தப்பா எவ்ளோ மார்க்னு கேட்டுட்டு வந்துடறார். அந்த அரை மணி நேரம் அவன் எங்கயாவது போகணும், எங்க போறதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். உங்க போன் நம்பரோட பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, மருத்துவ உதவி எண் 104 ரெண்டையும் போர்டுல எழுதிப் போடுங்க, ரெண்டுமே கூப்பிட்டா ஆள் பேசற நம்பர்.

அழுகை வந்தா அழுங்க டீச்சர், அதுல என்ன இருக்கு, விவரத்த எல்லாம் முதல்ல சொல்லி முடிச்சிடுங்க, அவ்ளோதான்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் ஏப்ரல்லயே இ-சேவைல போட்டு வைக்கச் சொல்லுங்க, மே மாசம் ஊரே போய் நிக்கும், சர்வரும் படுத்துக்கும். வீட்டுல முதல் ஆளா காலேஜ் போற பசங்களுக்கு கவுன்சிலிங் வழியா தொழிற்படிப்பு கிடைச்சா டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி உண்டு, அந்த ஒரு சான்றிதழ் இல்லாம தவிக்கறவங்க வருஷா வருஷம் இருக்காங்க. ஹெச்.எம். கிட்ட கேட்டு ஏப்ரல்ல வாரம் ஒரு நாள் ஆபீஸ் ரூமத் திறந்து வெச்சா இத அங்கயே உக்காந்து பாத்துடலாம். எத்தனை பேர் வந்தாங்கன்னு முடிஞ்சா எழுதுங்க.